'பிறகு பார்க்கலாம்' பட்டனை எத்தனை முறை அழுத்துவீர்கள்? ஆபீஸ் லேப்டாப் ரீஸ்டார்ட்டும் உங்கள் 10 நிமிடமும்!

'உங்கள் கணினி இன்னும் 15 நிமிடங்களில் ரீஸ்டார்ட் ஆகும். செய்துகொண்டிருக்கும் வேலையை சேவ் செய்யவும்.'

ஆபீஸ் லேப்டாப் வைத்திருக்கும் யாருக்கும் இந்த அறிவிப்பு புதுசு இல்லை. கிளையன்ட் காலில் இருப்போம், மாதக்கடைசி கணக்கை முடித்துக்கொண்டிருப்போம், ஆன்லைனில் யாரையாவது இன்டர்வியூ செய்துகொண்டிருப்போம். சரியாக அப்போதுதான் திரையின் ஓரத்தில் வந்து நிற்கும். கை தானாக 'பிறகு' பட்டனுக்குப் போகும். அடுத்த நாளும் போகும், அதற்கடுத்த நாளும் போகும். ஒருநாள் பார்த்தால் அந்தப் பட்டனே இருக்காது. கடிகாரம் மட்டும் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும்.

"இந்த ஐ.டி டீமுக்கு வேற நேரமே கிடைக்கலையா?" என்று திட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். ஆனால், ஒரு ரீஸ்டார்ட்டுக்குப் பின்னால் இரண்டு நியாயங்கள் மோதுகின்றன. மெஷின் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் நியாயம். என் வேலையை நடுவில் நிறுத்தாதே என்பது உங்கள் நியாயம். இரண்டுமே சரிதான். இந்த மோதலை எப்படிச் சமாளிப்பது என்று பார்ப்போம்.

இன்ஸ்டால் ஆகிவிட்டதே, பிறகு எதற்கு ரீஸ்டார்ட்?

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இலையை உருவி வேறு இலை போட முடியுமா? அவர் எழுந்த பிறகுதான் மாற்ற முடியும். விண்டோஸிலும் கிட்டத்தட்ட இதுதான் நடக்கிறது. ஒரு ஃபைலை ஏதாவது ஒரு புரோகிராம் பயன்படுத்திக்கொண்டிருந்தால், அந்த நேரத்தில் அதை நீக்கிவிட்டுப் புதியதை வைப்பது பெரும்பாலும் முடியாது. அதனால் இன்ஸ்டாலர் புதிய ஃபைலைப் பக்கத்தில் வைத்துவிட்டு, 'அடுத்த முறை கணினி எழும்போது இதை மாற்றிவிடு' என்று ஒரு பட்டியலில் குறித்துவைக்கும். கணினி மறுபடி எழும் முதல் சில நொடிகளில், மற்ற புரோகிராம்கள் உட்காருவதற்கு முன்பே, அந்த மாற்றம் நடந்துவிடும்.

வேலையை முடிக்கும் இன்ஸ்டாலர் ஒரு எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். 0 என்றால் எல்லாம் முடிந்தது. 3010 என்றால் 'வேலை முடிந்தது, ஆனால் ரீஸ்டார்ட் செய்தால்தான் முழுமையாகும்'. 1641 என்றால் 'ரீஸ்டார்ட்டை நானே ஆரம்பித்துவிட்டேன்'. நீங்கள் பார்க்கும் அறிவிப்பு பெரும்பாலும் இந்த 3010-க்குக் கிடைத்த மொழிபெயர்ப்புதான்.

அதாவது, அந்த அறிவிப்பு நிற்கும்வரை உங்கள் லேப்டாப் ஒரு இரண்டுங்கெட்டான் நிலையில் இருக்கிறது. புதிய மென்பொருள் உள்ளே வந்தாச்சு, ஆனால் பழையதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. பாதுகாப்பு அப்டேட்டாக இருந்தால், பூட்டு வாங்கி வாசலில் வைத்துவிட்டுக் கதவைத் திறந்தே போட்டிருப்பதற்குச் சமம்.

பட்டனை யார் எடுத்துக்கொண்டது?

வீட்டு லேப்டாப்பில் நீங்கள்தான் ராஜா. ஆபீஸ் லேப்டாப்பில் அப்படி இல்லை. இன்டியூன், கான்ஃபிகரேஷன் மேனேஜர் மாதிரியான கருவிகள் மூலம் ஆயிரக்கணக்கான மெஷின்களை ஐ.டி டீம் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கிறது. எந்த மென்பொருள் எப்போது இறங்க வேண்டும், அதன் பிறகு ரீஸ்டார்ட்டை என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கேதான் தீர்மானிக்கிறார்கள்.

உதாரணமாக, இன்டியூனில் ஒரு மென்பொருளை அனுப்பும்போது நிர்வாகியின் முன் நான்கு வழிகள் இருக்கின்றன. இன்ஸ்டாலர் சொல்லும் எண்ணைப் பார்த்து முடிவெடு, எதுவும் செய்யாதே, இன்ஸ்டாலரே ரீஸ்டார்ட் செய்தால் விட்டுவிடு, கட்டாயமாக ரீஸ்டார்ட் செய். கூடவே 'அவகாசம்' என்று தனியாக ஒரு அமைப்பு இருக்கிறது. அதை ஆன் செய்து, எண்களை மாற்றாமல் விட்டால், மென்பொருள் இறங்கியதிலிருந்து 1,440 நிமிடங்கள், அதாவது ஒரு முழுநாள், உங்களுக்கு டைம் கிடைக்கும். கடைசி 15 நிமிடத்தில் கவுன்ட்-டவுன் திரை வரும். இடையில் 240 நிமிடங்களுக்கு, அதாவது 4 மணி நேரத்துக்குத் தள்ளிப்போடவும் முடியும்.

அந்த அவகாசத்தை ஆன் செய்யாவிட்டால்? 'முன்னறிவிப்பு இல்லாமலேயே மெஷின் ரீஸ்டார்ட் ஆகலாம்' என்கிறது மைக்ரோசாஃப்ட்டின் வழிகாட்டி. ஆக, "சொல்லாம கொள்ளாம ஆஃப் ஆயிடுச்சு" என்று நீங்கள் புலம்பும்போது, அது எப்போதும் கணினியின் கோளாறு இல்லை. எங்கோ ஒரு திரையில் யாரோ டிக் அடிக்காமல் விட்ட ஒரு கட்டமாகவும் இருக்கலாம்.

விண்டோஸின் மாதாந்திர அப்டேட்டுகளுக்கு வேறு கணக்கு. 'ஆக்டிவ் ஹவர்ஸ்' என்று ஒன்றை விண்டோஸ் வைத்திருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் அந்த மணி நேரங்களில் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. ஆனால் நிறுவனம் ஒரு கெடுநாளும், அதற்கு மேல் சில நாள் அவகாசமும் வைக்கலாம். அந்த இரண்டும் முடிந்துவிட்டால் ஆக்டிவ் ஹவர்ஸ் எதுவும் செல்லாது. நீங்கள் மீட்டிங்கில் இருந்தாலும் சரி, பிரசன்டேஷனில் இருந்தாலும் சரி. பத்து முறை தள்ளிப்போட்டவருக்குப் பதினோராவது முறை பட்டன் காணாமல்போகும் ரகசியம் இதுதான்.

தள்ளிப்போட்டால் என்னதான் ஆகும்?

2017-ஐ நினைத்துப் பாருங்கள். விண்டோஸில் இருந்த ஒரு பெரிய ஓட்டைக்கான பேட்ச்சை அந்த வருடம் மார்ச் 14-ம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. அதே ஓட்டை வழியாக 'வான்னாக்ரை' ரேன்சம்வேர் உள்ளே நுழைந்தது மே 12-ம் தேதி. இடையில் 59 நாள்கள் இருந்தன. ஆனாலும் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பூட்டிக்கொண்டன.

அதிகம் அடிபட்டவற்றில் ஒன்று இங்கிலாந்தின் அரசு மருத்துவ சேவை. நோயாளிகளின் 19,000-க்கும் மேற்பட்ட அப்பாயின்ட்மென்ட்கள் ரத்தாகியிருக்கலாம் என்று பிறகு மதிப்பிட்டார்கள். பாதிக்கப்பட்ட மெஷின்களில் பெரும்பாலானவற்றில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கான பேட்ச் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. போடத்தான் இல்லை.

அத்தனைக்கும் காரணம் யாரோ 'பிறகு' பட்டனை அழுத்தியதுதான் என்று சொல்ல முடியாது. பல இடங்களில் பேட்ச்சே அனுப்பப்படவில்லை. ஆனால் பேட்ச் இறங்கியும் ரீஸ்டார்ட் ஆகாமல் நிற்கும் மெஷினும், தாக்க வருபவனுக்கு பேட்ச் போடாத மெஷின் மாதிரிதான். உங்கள் டெஸ்க்கில் நிற்கும் ஒரே ஒரு லேப்டாப், மொத்த ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் வாசலாகிவிடலாம்.

அப்போ எல்லாவற்றையும் உடனே திணித்துவிடலாமா?

அதுவும் ஆபத்துதான். 2024 ஜூலை 19-ம் தேதி வெள்ளிக்கிழமை காலை நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு தவறான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. இந்திய நேரப்படி காலை 9.39-க்கு வந்த அந்த ஃபைலை 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் வந்து விழுந்த மெஷின்கள் தானாக எழவில்லை. நம் ஊர் விமான நிலையங்களில் சில பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுக்க வேண்டிவந்தது.

அந்த அப்டேட் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 'ரீஸ்டார்ட் செய்யலாமா?' என்ற கேள்வியே வரவில்லை. எல்லா மெஷினுக்கும் ஒரே நேரத்தில் போனது. முதலில் நூறு மெஷின், அது நன்றாக இருந்தால் ஆயிரம், பிறகு மற்றவை என்று படிப்படியாக அனுப்பியிருந்தால் சேதம் அவ்வளவு பெரிதாகியிருக்காது. பெரிய நிறுவனங்கள் அப்டேட்டுகளை இப்படிக் குழு குழுவாக அனுப்புவதற்கும், பக்கத்து சீட்டுக்காரருக்கு வந்த ரீஸ்டார்ட் உங்களுக்கு நான்கு நாள் கழித்து வருவதற்கும் காரணம் இதுதான்.

இரண்டு சம்பவங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது, தாமதத்தின் விலை. இரண்டாவது, அவசரத்தின் விலை. கெடுநாள் கட்டாயம் வேண்டும், ஆனால் அதற்கு முன்னால் அவகாசமும் வேண்டும் என்பதுதான் இரண்டும் சேர்ந்து சொல்வது.

அந்த 10 நிமிடம் யாருடையது?

அவகாசம் என்று வந்தால் அடுத்த கேள்வி: ரீஸ்டார்ட் ஆகும் நேரம் யார் கணக்கில் போகும்? மாதச் சம்பளக்காரருக்கு இது ஒரு டீ பிரேக். ஆனால் லாகின் நேரத்தை நிமிடக்கணக்கில் பார்க்கும் கால் சென்டர் ஊழியருக்கு அப்படி இல்லை. கணினி எழுந்து, பாஸ்வேர்டு போட்டு, நான்கு மென்பொருள்களைத் திறந்து, 'ரெடி' என்று வரும்வரை அவர் வேலை செய்யாதவர். ஷிஃப்ட் தொடங்கும் நேரத்தில் அப்டேட் ஓடினால் அவர் லேட்!

அமெரிக்காவில் இது கோர்ட் வரை போயிருக்கிறது. நெல்நெட் என்ற நிறுவனத்தின் கால் சென்டர் ஊழியர்கள், கணினியை எழுப்பித் தேவையான மென்பொருள்களைத் திறக்க ஆகும் நேரத்துக்குச் சம்பளம் கேட்டார்கள். ஒரு ஷிஃப்ட்டுக்கு சராசரியாக சுமார் 2 நிமிடம்தான். 2021-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஊழியர்கள் பக்கம் நின்றது. அடுத்த வருடமே லாஸ் வேகஸ் கால் சென்டர் ஊழியர்கள் தொடுத்த இன்னொரு வழக்கில், கணினி இல்லாமல் அந்த வேலையே இல்லை என்பதால் அதை எழுப்புவதும் வேலையின் பிரிக்க முடியாத பகுதிதான் என்று வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது.

அது அந்த ஊர் சட்டம். இங்கே அப்படியே பொருந்தாது. ஆனால் கேள்வி இங்கேயும் பொருந்தும். நிறுவனத்தின் பாதுகாப்புக்காக நடக்கும் ரீஸ்டார்ட், ஊழியரின் லாகின் நேரத்தில் கழிக்கப்படுவது நியாயமா? ரீஸ்டார்ட்டைக் கண்டு ஊழியர் பயப்பட ஆரம்பித்தால், அவர் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டேதான் இருப்பார். நஷ்டம் கடைசியில் நிறுவனத்துக்குத்தான்.

"தினமும் ஷட்-டவுன் பண்றேனே!"

இதைச் சொல்லாத ஆள் இல்லை. விஷயம் இங்கேதான் இருக்கிறது. விண்டோஸ் 8 வந்ததிலிருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப்' என்ற வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால், நீங்கள் ஷட்-டவுன் கொடுக்கும்போது விண்டோஸின் உள்பகுதி முழுசாக மூடப்படுவதில்லை. அதன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கப் போகிறது. மறுநாள் காலை அதே நிலையிலிருந்து எழுகிறது. அதனால்தான் சீக்கிரம் ஆன் ஆகிறது. அதனால்தான் சில அப்டேட்டுகள் முழுமையாவதும் இல்லை. ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் எல்லாம் முழுசாக மூடித் திறக்கும்.

சந்தேகம் இருந்தால் நீங்களே பாருங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் சி.பி.யூ-வைத் தொட்டால் 'அப் டைம்' என்று ஓர் எண் வரும். தினமும் அணைத்த லேப்டாப்பில் அது 20 நாள் என்று காட்டினால் ஆச்சர்யப்படாதீர்கள்.

நீங்கள் செய்யக்கூடியவை

1. நேரத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். அறிவிப்பு வந்த அன்றே மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டுப் போங்கள். அவகாசம் என்பது மறப்பதற்கு இல்லை, வசதியான நேரம் பார்ப்பதற்கு.

2. காலண்டரில் குறித்துவையுங்கள். 2003-லிருந்து மைக்ரோசாஃப்ட் தன் மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டுகளை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. நம் நேரப்படி இரவு 10.30 அல்லது 11.30 மணி. ஆக, மறுநாள் புதன்கிழமையிலிருந்து உங்கள் ஆபீஸ் விதியைப் பொறுத்து ரீஸ்டார்ட் வரும். அந்த வாரத்தில் முக்கியமான பிரசன்டேஷன் இருந்தால், முந்தின நாள் மாலையே ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள்.

3. ஃபைல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒன்டிரைவ், ஷேர்பாயின்ட்டில் இருக்கும் எக்ஸெல், வேர்டு ஃபைல்கள் ஆட்டோசேவ் ஆனில் இருந்தால் உடனுக்குடன் சேவ் ஆகும். லேப்டாப் டிஸ்க்கில் இருப்பவற்றுக்கு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை மீட்புப் பிரதி மட்டும்தான். அந்த 10 நிமிட உழைப்பு போனால் போனதுதான்.

4. வாரக்கணக்கில் டேப் திறந்துவைக்காதீர்கள். 'இந்த 40 டேபும் போயிடும்' என்ற பயம்தான் பலரை 'பிறகு' பட்டன் பக்கம் தள்ளுகிறது. தேவையானதை புக்மார்க்கில் போட்டுவிட்டால் பயம் பாதியாகும்.

5. சார்ஜரைச் செருகிவிட்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். சதவிகிதம் நகரவில்லையே என்று பவர் பட்டனை அழுத்திப் பிடிக்காதீர்கள்.

6. வீட்டிலிருந்து ஆபீஸ் டெஸ்க்டாப்புக்கு ரிமோட்டில் போகிறவர்கள் கவனம்! அந்த மெஷின் எழும்போது பிட்லாக்கர் பின் எண் கேட்கும் என்றால், ரீஸ்டார்ட் ஆனதும் நேரில் போனால்தான் திறக்க முடியும். முதலில் ஐ.டி டீமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். 48 இலக்க ரெக்கவரி கீ எங்கே கிடைக்கும் என்பதையும் கேட்டு வையுங்கள். கிரவுட்ஸ்ட்ரைக் நாளில் பல இடங்களில் மெஷின் முன் உட்கார்ந்தவர்கள் தேடியது அந்த எண்ணைத்தான்.

நிறுவனத்திடம் கேட்க வேண்டியவை

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை பழக்கமானது. எந்தத் தேதி, எந்த ஏரியா, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும். முந்தின நாளே மாவு அரைத்து, டேங்க்கில் தண்ணீர் ஏற்றி, போனுக்கு சார்ஜ் போட்டுவிடுவோம். அதே மின்சாரம் சொல்லாமல் போனால்தான் ஆத்திரம் வருகிறது. ஆபீஸ் ரீஸ்டார்ட்டிலும் ஊழியர்கள் எதிர்பார்ப்பது அந்த ஓர் அறிவிப்பைத்தான்.

எந்த மென்பொருள், எதற்கு, கடைசி நேரம் எப்போது என்று புரியும் மொழியில் சொல்லுங்கள். அவகாசத்தை ஆன் செய்யுங்கள். நைட் ஷிஃப்ட்காரருக்கு இரவு 2 மணிதான் பகல் என்பதை நினைவில் வையுங்கள். எல்லோருக்கும் ஒரே நேரம் என்றால் அவர்தான் மாட்டுவார். உண்மையிலேயே ரீஸ்டார்ட் தேவையில்லாத மென்பொருளுக்கும் 'கட்டாயம்' என்று போடாதீர்கள். ரீஸ்டார்ட் நேரத்தை ஊழியரின் லாகின் கணக்கில் கழிக்காதீர்கள். இதையெல்லாம் கேட்பதற்கு டெக்னிக்கல் அறிவு தேவையில்லை. அடுத்த டீம் மீட்டிங்கில் சாதாரணமாகவே கேட்கலாம்.

தொழில்நுட்பமும் இந்தப் பக்கம் நகர்கிறது. ரீஸ்டார்ட் இல்லாமலேயே ஓடும் நினைவகத்தில் பேட்ச் போடும் 'ஹாட்பேட்ச்' வசதியை, விண்டோஸ் 11 என்டர்பிரைஸ் 24ஹெச்2 பதிப்புக்கு 2025 ஏப்ரலில் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் மட்டும் ரீஸ்டார்ட் தேவைப்படும். மாதாந்திரப் பாதுகாப்பு அப்டேட்டுக்காக வருடத்துக்கு 12 முறை என்பது 4 முறையாகக் குறைகிறது. ஆனால் இது விண்டோஸின் பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு மட்டும்தான். டிரைவர், ஃபர்ம்வேர், நிறுவனம் அனுப்பும் மற்ற மென்பொருள்கள் எல்லாம் பழையபடி கேட்கத்தான் போகின்றன.

ஆகவே, அந்த அறிவிப்பு இன்னும் சில வருடங்களுக்கு நம்மோடுதான் இருக்கப்போகிறது. இப்போது உங்கள் லேப்டாப்பில் எத்தனை நாள் 'அப் டைம்' ஓடிக்கொண்டிருக்கிறது? பாருங்கள். 10 நாளைத் தாண்டியிருந்தால், இன்று கிளம்புவதற்கு முன் ஷட்-டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட்டை அழுத்துங்கள்.